பலூன் துணிக் கோட்டும் டேராடூன் மழையும்

அப்பா வருகிற ஜனவரியில் டேராடூன் வருகிறார். எழுபத்து நாலு வயசு. போடிநாயக்கனூரை விட்டு மதுரைக்கு அந்தப் பக்கம் அதிகம் போகாத மனிதர். ஹரித்வாரில் ஒரு முழுக்கு, முசூரியில் கொஞ்சம் பனி, இரண்டையும் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டார். போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, அங்க குளிருக்கு என்னடா போட்டுக்கணும்?"

பத்து வருஷமாக வடக்கே குப்பை கொட்டுகிறவன் சட்டென்று பதில் சொல்லியிருக்க வேண்டும். "அப்புறம் சொல்றேம்ப்பா" என்று வைத்துவிட்டேன். காரணம், போன ஜனவரி.

நம்மூரில் மழைக்காலம் வேறு, குளிர்காலம் வேறு என்று நினைத்துப் பழகியவர்கள் நாம். இங்கே இரண்டும் ஒன்றாக வரும். மத்தியதரைக்கடல் பக்கமிருந்து கிளம்பி ஈரான், பாகிஸ்தான் வழியாக வரும் வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ் என்கிற சமாச்சாரம், ஜனவரி பிப்ரவரியில் டேராடூனில் மழையாகவும், மேலே முசூரியில் பனியாகவும் கொட்டும். இரண்டுக்கும் நடுவில் மழையுமில்லாமல் பனியுமில்லாமல் கூழ் மாதிரி ஒன்று விழும். அதுதான் ஆபத்தானது என்று எனக்கு அப்போது தெரியாது.

பனி பார்க்கிறோம் என்று நான், தங்கமணி, ஒன்பது வயசுப் பாப்பா மூவரும் தனௌல்டி பக்கம் கிளம்பினோம். டில்லிக்காரர்கள் பாதிப் பேர் எங்களுக்கு முன்னாலேயே வந்து ரோட்டை அடைத்திருந்தார்கள். இரண்டு மணி நேரம் வண்டி நகரவில்லை. மூன்று கிலோமீட்டரில் ஒரு டாபா இருக்கிறது என்று யாரோ சொல்ல, இறங்கி நடந்தோம். பாப்பாவுக்குப் போட்டிருந்தது புத்தம் புது டவுன் ஜாக்கெட். வாட்டர்ப்ரூஃப், கேரண்டி என்று கடைக்காரர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லி 4,500 ரூபாய்க்குத் தலையில் கட்டியது. நாற்பது நிமிஷத்தில், பூரி மாதிரி உப்பியிருந்த அந்த ஜாக்கெட் நனைந்த கோழி மாதிரி உடம்போடு ஒட்டிப்போனது. முதலில் நடுங்கினாள். "அப்பா, குளுருது" என்றாள். அப்புறம் பேச்சை நிறுத்திவிட்டாள். கால் பின்னியது. ஓயாமல் பேசுகிற பிள்ளை பேசாமல் நடப்பதைப் பார்த்தபோது வந்த பயம் இன்னும் போகவில்லை.

டாபாக்காரரின் மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜாக்கெட்டையும் உள்ளே இருந்த நனைந்த சட்டையையும் உருவி எறிந்துவிட்டு, தன்னுடைய கம்பளிச் சால்வையில் பிள்ளையைச் சுருட்டி, அடுப்பு ஓரமாக மடியில் வைத்துக்கொண்டார். சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. அரை மணி கழித்து பாப்பா "மேகி கிடைக்குமா?" என்று கேட்டபோதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது.

"ஏங்க, இவ்வளவு காசு குடுத்து வாங்கினது, ஒரு பழைய சால்வைக்கு ஈடாகலையே?" என்று தங்கமணி கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடப் போனவன், கடைசியில் புனேயில் போய் நின்றேன்.

டவுன் என்பது வாத்தின் நெஞ்சுப் பக்கம், பெரிய இறகுகளுக்கு அடியில் இருக்கும் மெத்தென்ற பொருள். தமிழில் இதற்குத் தூவி என்று அருமையான சொல் இருக்கிறது. நெடுநல்வாடையில் அரசியின் கட்டிலில் அன்னத்தின் தூவி பரப்பியிருக்கும். அந்தப் பாட்டே மழையும் வாடையும் சேர்ந்தடிக்கிற காலத்தைப் பற்றியதுதான். ஆனால் ஒன்று கவனியுங்கள். தூவி அரண்மனைக்குள்ளே, கட்டில் மேல். வெளியே மழையில் நனைகிற கோவலர்கள் கொள்ளிக்கட்டையில்தான் குளிர் காய்கிறார்கள். அதைப் பாடிய புலவருக்கு எங்களைவிட விவரம் இருந்திருக்கிறது.

இந்தத் தூவியை வெளியே, மலைமேல், கோட்டாகத் தைத்துப் போட்டுக்கொண்டு போனவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் இங்கிள் ஃபின்ச். 1888-ல் ஆஸ்திரேலியாவில் பிறந்து, சூரிச்சில் வேதியியல் படித்து, லண்டனில் வேலை பார்த்தவர். 1922-ல் எவரெஸ்டில் ஏற முயன்ற பிரிட்டிஷ் குழுவில் இவரும் ஒருவர். அன்றைக்கு மலையேறுகிற கனவான்கள் போட்டது ட்வீட் கோட்டு, கம்பளி ஸ்வெட்டர், கழுத்தில் மஃப்ளர். அதற்கு முந்தைய வருஷக் குழுவின் போட்டோவைப் பார்த்து, அயர்லாந்தில் பிக்னிக் போனவர்கள் பனிப்புயலில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்று பெர்னார்ட் ஷா கிண்டலடித்ததாகச் சொல்வார்கள்.

ஃபின்ச் வேதியியல்காரர் மூளையோடு யோசித்தார். குளிரைத் தடுப்பது துணியின் கனமல்ல, அசையாமல் சிறைபிடிக்கப்பட்ட காற்று. காற்றை அதிகம் பிடிப்பது தூவி. காற்றைத் தப்பவிடாதது பலூன் துணி. எனவே பளிச்சென்ற பச்சை நிறப் பலூன் துணியில் ஈடர் வாத்தின் தூவியை அடைத்து, மெத்தை மாதிரித் தைத்து, ஒரு நீளக் கோட்டு. சக பயணிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேலே போய் காற்று அடிக்க ஆரம்பித்ததும் சிரிப்பு நின்று பொறாமை வந்துவிட்டதாக ஃபின்ச் தன் டைரியில் எழுதிவைத்திருக்கிறார். (நானாக இருந்தாலும் அதை எழுதிவைக்காமல் விட்டிருக்க மாட்டேன்.)

மே 27 அன்று, அதுவரை மலையேறியே பழக்கமில்லாத ஜெஃப்ரி புரூஸ் என்ற ராணுவ அதிகாரியைக் கூட்டிக்கொண்டு, ஆக்ஸிஜன் சிலிண்டர் சுமந்து, ஏறக்குறைய 8,320 மீட்டர் வரை போனார். அதுவரை மனிதர்கள் ஏறியதிலேயே அதுதான் அதிக உயரம். ஆனால் 1924-ல் அடுத்த குழு கிளம்பியபோது ஃபின்ச்சுக்கு இடமில்லை. சொற்பொழிவு, போட்டோ, அதில் வரும் பணம் என்று எவரெஸ்ட் கமிட்டியோடு தகராறு. 1924-ல் மல்லோரி பட்டும் கம்பளியும் பருத்தியும் அடுக்கடுக்காகப் போட்டு, மேலே கபர்டின் கோட்டோடு போனார், திரும்பவில்லை. அவருடைய உடல் 1999-ல்தான் கிடைத்தது. தூவிக் கோட்டு இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்றெல்லாம் நான் ஜோசியம் சொல்லத் தயாரில்லை.

இப்போது புனே. டேராடூன் வருவதற்கு முன் நாலு வருஷம் அங்கே இருந்தேன். தினமும் பாஷான் ரோட்டில் தேசிய வேதியியல் ஆய்வகத்தைத் தாண்டித்தான் ஆபீஸ். 1952 முதல் 1957 வரை அந்த ஆய்வகத்தின் இயக்குநர் யார் தெரியுமா? பச்சைக் கோட்டு ஃபின்ச்தான்! நாலு வருஷம் அந்த வாசலைக் கடந்திருக்கிறேன், இது தெரியாது. அவருக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வந்த முதல் இந்தியர், சாய வேதியியலில் பெரிய பெயர் எடுத்த கே. வெங்கடராமன், சென்னையில் பிறந்தவர் என்பது நமக்கு ஒரு கூடுதல் சந்தோஷம்.

1953 மே 29-ல் டென்சிங்கும் ஹிலாரியும் உச்சியில் நின்றபோது ஃபின்ச் இருந்தது இந்தியாவில். அவர்கள் முதுகில் ஆக்ஸிஜன், உடம்பில் தூவி உடை. இரண்டுக்காகவும் முப்பது வருஷம் முன்னால் கேலி வாங்கியவர், அந்த மே மாத புனே வெயிலில் அந்தச் செய்தியை எப்படிப் படித்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

சரி, அவருடைய கோட்டு வேலை செய்தது, பாப்பாவுடையது ஏன் கைவிட்டது?

எவரெஸ்டின் உயரத்தில் இருப்பது காய்ந்த குளிர். அங்கே மழை பெய்யாது. தனௌல்டியில் அன்று இருந்தது பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில், சொட்டச் சொட்ட ஈரமான குளிர். தெர்மாமீட்டரை மட்டும் பார்த்தால் எவரெஸ்ட்தான் பயங்கரம். தூவிக்கோ தனௌல்டிதான் எமன். தூவி நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டை உருண்டையாகிவிடும். அது பிடித்து வைத்திருந்த காற்று போய், அந்த இடத்தில் தண்ணீர் உட்காரும். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். குழந்தைக்கு நாங்கள் போட்டுவிட்டது ஜாக்கெட்டே அல்ல, ஈரத்துணிப் பட்டி.

இலவம் பஞ்சு வியாபாரி மகன் எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா! இத்தனைக்கும் இலவம் பஞ்சு இந்த விஷயத்தில் தூவியைவிடக் கெட்டி. அதன் இழைக்கு மேல் மெழுகுப் பூச்சு உண்டு, தண்ணீர் லேசில் ஒட்டாது. கப்பல்களில் உயிர்காக்கும் கவசத்துக்குள் வெகுகாலம் அடைத்திருந்தது அதைத்தான்.

ஜாக்கெட்டின் அடுத்த கட்டம் அமெரிக்காவில். எடி பாவர் என்று சியாட்டிலில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தவர், 1930-களின் நடுவில் ஒரு குளிர்காலத்தில் மீன் பிடிக்கப் போனார். திரும்பும்போது மீன் மூட்டையைச் சுமந்து மேடேறியதில் வியர்த்துக் கொட்டி, உள்ளே போட்டிருந்த கம்பளியெல்லாம் ஊறி, அது குளிரில் உறைந்து, செத்துப் பிழைத்தார். அதற்கப்புறம் தூவி வைத்துத் தைத்த ஜாக்கெட்டை 1936-ல் கடைக்குக் கொண்டுவந்து, 1940-ல் காப்புரிமையும் வாங்கினார்.

வேடிக்கையைப் பாருங்கள். அவர் நனைந்த கம்பளியால் சாகப்போய்த் தூவிக்கு மாறினார். என் மகள் நனைந்த தூவியால் சாகப்போய்க் கம்பளிக்கு மாறிப் பிழைத்தாள். தங்கமணியின் கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. அந்தச் சால்வையின் பெருமை அது கம்பளி என்பதில் பாதிதான், மீதிப் பாதி அது காய்ந்திருந்தது. இன்னொன்று, பாவரை நனைத்தது மழையல்ல, அவருடைய சொந்த வியர்வை. அதாவது தண்ணீர் வெளியிலிருந்தும் வரும், உள்ளிருந்தும் வரும்.

வெளித் தண்ணீரைத் தடுப்பது பழைய வித்தை. கிளாஸ்கோவில் சார்லஸ் மெக்கின்டாஷ் 1823-லேயே இரண்டு துணிக்கு நடுவே ரப்பரை வைத்து ஒட்டிக் காப்புரிமை வாங்கிவிட்டார். மழைக்கோட்டுக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரே நிலைத்துவிட்டது. சின்ன வயசில் நாம் போட்ட ரப்பர் மழைக்கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூல் போய்ச் சேர்வதற்குள் மழையில் நனைந்ததைவிட வியர்வையில் அதிகம் நனைந்திருப்போம். தோட்டத்துக்குப் போகிறவர்கள் கோணிச்சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு போவார்களே, காற்றோட்டத்தில் அது எவ்வளவோ தேவலை.

மழையை உள்ளே விடாமல் வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடுகிற துணிக்கு 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் தோசைக்கல் மேல் பூசுகிற டெஃப்லான்தான் மூலப்பொருள். அதன் கம்பியைச் சூடாக்கி மெதுவாக இழுத்து இழுத்துப் பார்த்தார் பாப் கோர் என்ற அமெரிக்கர். ஒவ்வொரு முறையும் அறுந்தது. கடுப்பாகி ஒரு வெட்டு வெட்டி இழுத்திருக்கிறார். அறுவதற்குப் பதிலாகப் பல மடங்கு நீண்டுவிட்டது! நுண்ணிய ஓட்டைகள் நிறைந்த, பெரும்பகுதி காற்றாகவே இருக்கிற ஒரு படலம். நீர்த்துளி நுழைய முடியாத அளவுக்குச் சின்ன ஓட்டை, நீராவி போகிற அளவுக்குப் பெரிய ஓட்டை. 1976-ல் கோர்-டெக்ஸ் என்ற பெயரில் உடையாக வந்தது.

இதோடு பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. காரணம் நம் தையல்காரருக்கே தெரியும், ஊசி. தூவி ஒரே பக்கமாக இறங்கிவிடாமல் இருக்க ஜாக்கெட் முழுக்கக் குறுக்கே தையல் போடுகிறார்கள். துணி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் ஒவ்வொரு தையலும் வரிசையாக நூற்றுக்கணக்கான துவாரம். பாப்பாவின் ஜாக்கெட்டை வீட்டில் காயவைத்த பிறகு, குழாயடியில் பிடித்துப் பார்த்தேன். துணியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. அதில் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் தையல் ஒவ்வொன்றிலும் கோடு போட்ட மாதிரி ஈரம் இறங்கியது. துணி வாட்டர்ப்ரூஃப், ஜாக்கெட் அல்ல.

எங்கள் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருக்கிறார். நடந்ததைச் சொன்னதும் அவர் கேட்டது, "பேட்டா, அவளை வேகமாக நடக்க வைத்தாயா?" வைத்தேன்தான். மழைக்கு முன்னாலேயே சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டி, பிள்ளை உள்ளே வியர்த்திருந்தாள். மலையில் வியர்க்க விடாதே, வியர்த்தால் உடனே ஒரு சட்டையைக் கழற்று என்பது அவருக்குப் பட்டாளம் சொல்லிக்கொடுத்த பாடமாம். 1962-ல் பருத்தி யூனிஃபார்மோடும் கேன்வாஸ் ஷூவோடும் நம்கா சூ நதிக்கரைக்கு அனுப்பப்பட்ட வீரர்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது மட்டும் அவர் ஒன்றும் சொல்லாமல் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

ஆக, அப்பாவுக்கு என்ன வாங்குவது? லே, ஸ்பிதி என்று போவதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தூவிதான். லேயில் வருஷம் முழுக்கச் சேர்த்தே சுமார் 100 மில்லிமீட்டர்தான் மழையும் பனியும். அங்கே போகிறவர்கள் லேபிளில் ஃபில் பவர் என்ற எண்ணைப் பார்க்கலாம். 800 என்று போட்டிருந்தால், ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் தூவி, 800 கன அங்குலத்துக்கு உப்பும், ஏறக்குறைய 13 லிட்டர். எண் கூடக் கூட எடை குறைவு, விலை அதிகம்.

டேராடூன், முசூரி, சிம்லா மாதிரி ஈரக் குளிருக்கு ஒரே ஜாக்கெட்டில் எல்லாம் வேண்டும் என்று ஆசைப்படுவதில்தான் நாங்கள் ஏமாந்தோம். இரண்டாகப் பிரிப்பதுதான் சரி என்று இப்போது நினைக்கிறேன். உள்ளே கதகதப்புக்கு ஒன்று, அதற்கு மேல் தாராளமாக ஏறுகிற அளவில் மழைக்கு ஒரு மெல்லிய மேல்கோட்டு. உள்ளே இருப்பதற்குத் தூவிக்குப் பதில் செயற்கை இழை. 1980-களில் அமெரிக்க ராணுவம் நனைந்தாலும் கைவிடாத மாற்றுத்தூவி ஒன்றைத் தேடியதிலிருந்து வந்த ரகம் இது. தூவியைவிடக் கொஞ்சம் கனம், மடித்தால் இடம் அடைக்கும், சில வருஷத்தில் தளர்ந்தும் போகும். ஆனால் நனைந்தாலும் முழுசாகப் படுத்துவிடாது. தண்ணீர் ஒட்டாத தூவி என்று வேதிப்பூச்சுக் கொடுத்தும் விற்கிறார்கள். நல்ல மழைக்கு அதை மட்டும் நம்பிப் போக எனக்கு இனி தைரியமில்லை.

மேல்கோட்டை வாங்கும்போது கடையிலேயே உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தையல்மேல் எல்லா இடத்திலும், அக்குளிலும் தொப்பி சேரும் இடத்திலும்கூட, டேப் ஒட்டியிருக்க வேண்டும். லேபிளில் வாட்டர் ரெசிஸ்டன்ட் என்று இருந்தால் தூறலுக்கு மட்டும். 10,000 மில்லிமீட்டர் மாதிரி எண் போட்டிருந்தால், பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கியது என்று பொருள். அது துணிக்குத்தான், தையலுக்கோ ஜிப்புக்கோ அல்ல. அக்குளில் திறந்து மூடும் ஜிப் இருந்தால் வியர்வைக்கு உத்தமம். இன்னொன்றும் உண்டு. மேலே தண்ணீரை முத்தாக உருட்டுகிற பூச்சுக்கு வெகுகாலமாகப் பயன்பட்டவை ஃப்ளோரின் ரசாயனங்கள். மண்ணிலும் தண்ணீரிலும் அழியாமல் தங்குவதால் கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் 2025 முதல் பெரும்பாலான துணிகளில் தடை போட்டுவிட்டன. புதிய பூச்சுகள் எண்ணெய் அழுக்கில் சீக்கிரம் சோர்ந்துவிடும், அவ்வப்போது துவைத்து மறுபூச்சுப் போட வேண்டும். அந்தத் தொல்லையைப் பட்டுக்கொள்ளலாம்.

போன வாரம் இரண்டையும் வாங்கிப் போடிக்குக் கூரியரில் அனுப்பினேன். நேற்று ராத்திரி அப்பா போன்.

"உள்கோட்டு நம்ம பஞ்சு மாதிரி வராதுடா. ஆனா அமுக்கிட்டு விட்டா எந்திரிக்குது, பரவால்ல." மெத்தைக்கடைக்காரர் சர்டிஃபிகேட், சும்மா கிடைக்காது :)

"மேல்கோட்டு?"

"அதப் போட்டுக்கிட்டுக் கொல்லையில நின்னு, உங்கம்மாவ விட்டு ரெண்டு குடம் தண்ணி ஊத்தச் சொன்னேன். உடம்புல எங்கயும் எறங்கல. கழுத்து வழியா மட்டும் கொஞ்சம் உள்ள போச்சு. அந்தத் தொப்பிக் கயிறு இழுத்துக் கட்டறதுக்கா?"

"ஆமாப்பா."

"அப்படின்னா சரி. டிக்கெட்ட போடு."